கம்பி மாறினால் கருகுவது ஏன்? மின்னணுவியல் ஆர்வலர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே வருத்தத்தைப் பேசுகின்றன. ஆசையோடு செய்த சுற்று, முதன்முறை மின்சாரம் கொடுத்த சில நொடிகளிலேயே சூடேறி, கருகல் வாடை வீசி, அடங்கிப் போயிருக்கிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, தவறான இணைப்பால் வரும் சேதங்களைப் பற்றிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: 0.96 அங்குல ஓஎல்ஈடி திரை ஒன்றை அர்டுயினோ ஊனோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் போர்டுடன் இணைத்துப் பல மாதங்கள் பயன்படுத்தினேன். அதேபோன்ற இன்னொரு திரையை வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு அதே நான்கு கம்பிகளில் செருகினேன். எழுத்து எதுவும் தெரியவில்லை. பின்புறம் விரல் வைக்க முடியாதபடி சுட்டது. இரண்டும் ஒரே மாடல் என்கிறார் கடைக்காரர். பிழை எங்கே? ஊனோவும் போயிருக்குமா?
— பொறியியல் மாணவி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டு திரைகளையும் அருகருகே வைத்து, கால்களுக்கு மேலே அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். இந்த நான்கு கால் திரைகள் சந்தையில் இரண்டு விதமாக வருகின்றன. ஒன்றில் இடமிருந்து வலமாக ஜிஎன்டி (தரை), விசிசி (மின்வழங்கல்), எஸ்சிஎல், எஸ்டிஏ (இவை இரண்டும் தகவல் கம்பிகளுக்கு) என்ற வரிசை. மற்றொன்றில் விசிசி முதலாவதாகவும் ஜிஎன்டி இரண்டாவதாகவும் இருக்கும். கண்ணாடி, பலகையின் அளவு, திரையை இயக்கும் சிப் எல்லாம் ஒன்றேயாக இருப்பதால் கடைக்காரர் ஒரே மாடல் என்று சொன்னதில் வியப்பில்லை. கால்களின் வரிசைக்கு எந்தப் பொதுத் தரமும் இல்லாததால், பழைய கம்பிகளை அப்படியே செருகியபோது 5 வோல்ட் தரைக் காலுக்கும், தரை மின்வழங்கல் காலுக்கும் போய்விட்டன.

மின்வழங்கல் தலைகீழானால் சிப் ஏன் சுடுகிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் பிற்பாடு பல சேதங்களுக்கு விளக்கம் கிடைத்துவிடும். ஏறத்தாழ ஒவ்வொரு ஐசியின் (சிப்பின்) உள்ளேயும் தரைக்கும் மின்வழங்கலுக்கும் இடையில் டயோடுகள் அமைந்திருக்கின்றன. சில பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வைக்கப்பட்டவை, சில சிலிக்கானில் சிப்பை உருவாக்கும் முறையிலேயே தாமாக உண்டாகிறவை. சரியான திசையில் மின்சாரம் கொடுக்கும்போது இவை மூடிய ஒருவழிக் கதவுகளாக இருக்கும். திசை மாறினால் எல்லாம் திறந்துகொள்ளும், ஏறக்குறைய 0.7 வோல்ட்டிலேயே அவற்றின் வழியே மின்னோட்டம் பாயத் தொடங்கும். அதன்பின் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதைச் சிப் தீர்மானிப்பதில்லை. மின்சாரம் தரும் கருவி எவ்வளவு தர முடியுமோ அவ்வளவும் பாயும். தலைமுடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பிகளைக் கொண்ட ஒரு சிப் அந்த வெப்பத்தை நெடுநேரம் தாங்காது.

உங்கள் ஊனோ தப்பியிருக்கவே வாய்ப்பு அதிகம். யூஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுத்திருந்தால், அந்தப் பாதையில் 500 மில்லிஆம்பியர் அளவுள்ள, தானாக மீளும் ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. அது சூடேறித் தடையை உயர்த்திப் போர்டையும் கணினியையும் காக்கும். ஆனால் அது சற்றுத் தாமதமாகவே செயல்படும் என்பதாலும், 500 மில்லிஆம்பியர் என்பதே அந்தச் சிறு திரைக்கு மிக அதிகம் என்பதாலும், திரையை அது காப்பாற்றாது. வட்ட ஜாக் வழியாக அடாப்டரில் இருந்து கொடுத்திருந்தால் அந்த ஃபியூஸ் பாதையிலேயே இல்லை. போர்டிலுள்ள ரெகுலேட்டர்தான் சுமையைத் தாங்கியிருக்கும்.

சோதிக்க, எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு ஊனோவை மட்டும் யூஎஸ்பியில் செருகி, 5 வோல்ட் காலில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 4.75 முதல் 5.25 வரை இருந்து, விளக்கைச் சிமிட்டும் எளிய நிரலும் ஏறினால் சிப் உயிரோடு இருக்கிறது. அடுத்து, திரையின் தகவல் கம்பிகள் சென்ற ஏ4, ஏ5 கால்களை சிப்பின் உள்ளேயே இருக்கும் மேலிழுப்பு (புல்-அப்) மின்தடையோடு உள்ளீடாக வைத்துப் படியுங்கள். எதுவும் இணைக்காதபோது ‘உயர்’ என்றும், தரையோடு தொடும்போது ‘தாழ்’ என்றும் வந்தால் அந்தக் கால்களும் நலமே. திரையைப் பொறுத்தவரை, ஓரிரு நொடிகளில் பிடுங்கியிருந்தால் சில நேரம் பிழைத்துக்கொள்ளும். சரியான வரிசையில் ஒருமுறை இணைத்துப் பாருங்கள். மீண்டும் சுட்டால் அதைக் கைவிடுவதே நல்லது.

கேள்வி: 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரையும் நான்கு டயோடுகளையும் கொண்டு ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பவர் சப்ளை செய்தேன். சுவிட்சைப் போட்ட சற்று நேரத்தில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி பட்டாசுபோல வெடித்து, பலகை முழுவதும் ஈரமும் பஞ்சும் சிதறின. வரி போட்ட பக்கத்தைப் பாசிட்டிவில்தானே வைத்தேன்?
— வாசகர், ஈரோடு

பதில்: அந்த வரிதான் காரணம். அலுமினிய மின்னாற்பகுப்பு மின்தேக்கியில் வரி நெகட்டிவ் காலைக் காட்டுகிறது. புதிதாக வாங்கும்போது நீளமாக இருக்கும் கால் பாசிட்டிவ். உள்ளே இருக்கும் அலுமினியத் தகட்டின்மேல் மிக மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று மின்காப்பாக நிற்கிறது. திசை சரியாக இருக்கும்வரை அந்தப் படலம் நிலைத்திருக்கும். திசை மாறி ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் போனால் படலம் அழிந்து, மின்னோட்டம் தடையின்றிப் பாய்ந்து, உள்ளிருக்கும் திரவம் கொதிக்கிறது. ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகிறது. குடுவையின் தலையில் குறுக்காகக் கீறியிருப்பது அழகுக்காக அன்று. உள்ளழுத்தம் ஏறும்போது அந்த இடத்தில் கிழிந்து வாயு வெளியேற வேண்டும் என்பதற்காகவே.

உங்களைக் குழப்பியது என்னவென்று என்னால் ஊகிக்க முடிகிறது. டான்டலம் மின்தேக்கிகளில் வரி பாசிட்டிவைக் காட்டும். டயோடில் உள்ள வளையம் கேதோடை, அதாவது மின்னோட்டம் வெளியேறும் முனையைக் காட்டும். பலகையின்மேல் ஒட்டவைக்கும் சிறிய அலுமினியக் குடுவைகளில் கருப்புப் பட்டை நெகட்டிவ். ஒரே மாதிரியான அடையாளம் பொருளுக்குப் பொருள் எதிரெதிரான செய்தியைச் சொல்வதால், ‘வரி என்றால் இது’ என்று பொதுவாக மனப்பாடம் செய்வது ஆபத்து. அதிலும் டான்டலம் திசை மாறினால் வெடிப்பதோடு நில்லாமல் தீப்பற்றி எரியவும் கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்பதால் மின்தேக்கியில் 12 வோல்ட்தான் நிற்கும் என்று எண்ணக்கூடாது. மாறுமின்சாரத்தின் உச்சம் 12ஐ 1.414ஆல் பெருக்கிய அளவு, அதாவது ஏறத்தாழ 17 வோல்ட். இரண்டு டயோடுகளில் இழப்பு போக 15.5 வோல்ட்டுக்குக் குறையாமல் நிற்கும். சுமை இல்லாதபோது அதைவிடவும் ஏறும். 16 வோல்ட் மின்தேக்கியைப் போட்டிருந்தால் திசை சரியாக இருந்தாலும் அது நீடித்திருக்காது. 25 வோல்ட் அல்லது 35 வோல்ட் போடுங்கள். சிதறிய திரவம் மின்சாரத்தைக் கடத்தும். செம்புத் தடங்களையும் அரிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் பலகையைத் துடைத்து, டயோடுகள் நான்கையும் அளந்து பார்த்தபிறகே புதியதைப் பொருத்துங்கள். முதன்முறை சுவிட்சைப் போடும்போது முகத்தைப் பலகையின்மேல் நீட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். வெடிக்கும் குடுவை கண்ணுக்குத்தான் பெரும் ஆபத்து. ஒரு சாதாரணக் கண்ணாடி அணிந்தாலும் நன்று.

கேள்வி: பிசி547 டிரான்சிஸ்டர் கிடைக்காததால் 2என்3904 போட்டேன். சுற்று சரியாக வேலை செய்யவில்லை. இரண்டும் என்பிஎன் வகைதானே?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: வகை ஒன்றுதான், கால்கள் வேறு. தட்டையான முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் பிசி547இல் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். தலைகீழாக மாட்டிய டிரான்சிஸ்டர் அரைகுறையாக வேலை செய்யும், பெருக்கமும் மிகக் குறையும். எமிட்டர் சந்தி தலைகீழாக 6 வோல்ட் அளவைத்தான் தாங்கும் என்பதால் 12 வோல்ட் சுற்றில் நிரந்தரமாகக் கெடவும் செய்யும். ரெகுலேட்டர்களிலும் இதே சிக்கல் உண்டு. 7805க்கு உள்ளீடு, தரை, வெளியீடு என்ற வரிசை. 7905க்குத் தரை, உள்ளீடு, வெளியீடு. எல்எம்317க்குச் சரிசெய்யும் கால், வெளியீடு, உள்ளீடு. மூன்றும் ஒரே உறையில் வருகின்றன. மாற்றுப் பாகம் வாங்கும் ஒவ்வொரு முறையும் அதன் தரவுத்தாளைத் திறந்து கால் வரைபடத்தைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் உள்ள அடல் டிங்கரிங் ஆய்வகத்தின் பொறுப்பு என்னுடையது. மாணவர்கள் கம்பிகளை மாற்றிச் செருகுவதால் போர்டுகள் அடிக்கடி பழுதாகின்றன. பெட்டியில் பூட்டிவைத்து, ஆசிரியர் மட்டும் செய்து காட்டினால் போதும் என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். மேலும், ஊனோ ஓரளவு தாங்குகிறது, வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 போர்டுகளே அதிகம் கெடுகின்றன. என்ன செய்யலாம்?
— ஆசிரியர், திருச்சிராப்பள்ளி

பதில்: தயவுசெய்து பூட்டிவைக்காதீர்கள். நிதி ஆயோக்கின்கீழ் 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம் இந்த ஆய்வகங்களை அமைத்ததே, 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் தங்கள் கைகளாலேயே செய்து பார்ப்பதற்காகத்தான். பதின்மூன்று வயதுப் பிள்ளை கம்பியை மாற்றிச் செருகத்தான் செய்யும். சால்டர் இல்லாமல் கம்பி செருகும் பிரெட்போர்டின் ஓட்டைகளுக்கு இடையே இருப்பது 2.54 மில்லிமீட்டர், ஒரு ஓட்டை தள்ளிப்போவது பெரியவர்களுக்கும் நேர்வதே. இணைப்பில் பிழை வருவதைத் தடுக்க முடியாது. அந்தப் பிழை ஒரு பாகத்தை எரிக்கும் அளவுக்கு மின்னோட்டம் கிடைக்காமல் தடுக்க முடியும். என் கருத்தில் ஆய்வகத்தில் செய்ய வேண்டிய முதல் மாற்றம் இதுதான்.

மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய ஒரு பவர் சப்ளையை வாங்க முடிந்தால் வாங்குங்கள். புதிய சுற்று எதுவானாலும் முதலில் 50 அல்லது 100 மில்லிஆம்பியர் வரம்பில் இயங்கட்டும். வாங்க முடியாவிட்டால் ஒரு மின்தடை போதும். 5 வோல்ட் பாதையில் 47 ஓம், 1 வாட் மின்தடை ஒன்றைத் தொடராக வையுங்கள். சுற்று முழுவதும் குறுக்கிணைந்து போனாலும் 106 மில்லிஆம்பியருக்கு மேல் பாயாது; மின்தடையில் அரை வாட் அளவு வெப்பம் எழும், அதை அது தாங்கும். இப்போது சுற்றின் மின்வழங்கல் முனைகளில் அளக்கச் சொல்லுங்கள். 20 மில்லிஆம்பியர் எடுக்கும் சுற்றானால் 4 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். அப்படியானால் மின்தடையை நீக்கிவிட்டு நேராக இணைக்கலாம். 1 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் எங்கோ திசை மாறியிருக்கிறது அல்லது குறுக்கிணைந்திருக்கிறது. எதுவும் எரியாமலே அது தெரிந்துவிட்டது. 12 வோல்ட் சுற்றுகளுக்கு, மோட்டார் சைக்கிளில் போடும் 12 வோல்ட் 5 வாட் பல்பு ஒன்றைத் தொடராக வைத்தால் பிழை இருக்கும்போது பல்பு பளிச்சென்று எரியும், மின்னோட்டம் 0.4 ஆம்பியர் அளவில் நின்றுவிடும். நம்மூர் ரேடியோ, டிவி மெக்கானிக்குகள் பழுதான பெட்டியைச் சீரிஸ் பல்போடு இணைத்துச் சோதிப்பார்களே, அதே முறையின் சிறிய வடிவம் இது. அந்தக் கைத்தொழில் அறிவு பள்ளிக்கூடங்களுக்கும் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் 230 வோல்ட்டில் அதைச் செய்வது மாணவர்களுக்கு உரியதன்று.

இஎஸ்பி32 போர்டையே மின்தடை வழியாக இயக்கிப் பார்க்க வேண்டாம். வைஃபை இயங்கும்போது அது சில நூறு மில்லிஆம்பியர் வரை இழுக்கும். வோல்ட்டேஜ் சரிந்து மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆகும், பிள்ளைகள் அதையே பழுது என்று எண்ணுவார்கள். உணரிகளையும் மற்றப் பாகங்களையும் தனியாகச் சோதித்துவிட்டுப் போர்டோடு இணைக்கச் சொல்லுங்கள்.

அந்தப் போர்டுகள் அதிகம் கெடுவதற்குப் பெரும்பாலும் வோல்ட்டேஜ்தான் காரணம். ஊனோவின் சிப் 5 வோல்ட்டில் இயங்குகிறது. இஎஸ்பி32 இயங்குவது 3.3 வோல்ட்டில், அதன் மின்வழங்கல் உச்ச வரம்பே 3.6 வோல்ட்தான். தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 உணரி ஊனோ பாடங்களில் தவறாமல் இடம்பெறுகிறது. அதன் எக்கோ கால் 5 வோல்ட்டை வெளியிடும். அதே படத்தைப் பார்த்து இஎஸ்பி32இல் இணைத்தால் சில நாள்கள் வேலை செய்வதுபோலத் தோன்றி, பிறகு அந்தக் கால் மட்டும் செத்துப்போகும், அல்லது சிப் முழுவதுமே சூடேறும். எக்கோ காலில் இருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து தரைக்கு 2 கிலோ ஓம் என இரண்டு மின்தடைகளை வைத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருந்து கம்பி எடுத்தால் 5 வோல்ட் 3.33 வோல்ட்டாகிவிடும். ஆய்வகத்தில் உள்ள எல்லா எச்சி-எஸ்ஆர்04 உணரிகளிலும் இந்த இரு மின்தடைகளையும் நிரந்தரமாகச் சால்டர் செய்துவிடுங்கள், ஊனோவும் 3.33 வோல்ட்டை ‘உயர்’ என்றே படிக்கும்.

இவற்றோடு, சிவப்புக் கம்பி மின்வழங்கலுக்கும் கருப்புக் கம்பி தரைக்கும் மட்டுமே என்பதையும், கம்பியைத் தொடுமுன் யூஎஸ்பியைப் பிடுங்க வேண்டும் என்பதையும் வழக்கமாக்குங்கள். மின்சாரம் கொடுக்குமுன் பக்கத்து மாணவர் ஒருவர் இணைப்பைப் படித்துச் சொல்லட்டும். செய்தவர் கண் தன் பிழையைத் தாண்டிப் போய்விடும், அடுத்தவர் கண் அதில் தட்டி நிற்கும்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த, 5 வோல்ட் ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சை) பிசி547 கொண்டு இயக்கினேன். சில தடவைகள் சரியாக வேலை செய்து, பின் டிரான்சிஸ்டர் பழுதாகிவிட்டது. புதியது போட்டாலும் அதே கதை.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ரிலேச் சுருளுக்கு இணையாக டயோடு போட்டதாக நீங்கள் எழுதவில்லை; அதுதான் விடுபட்டிருக்க வேண்டும். சிறிய 5 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறத்தாழ 70 மில்லிஆம்பியர் எடுக்கும். டிரான்சிஸ்டர் அணையும் நொடியில் அந்த மின்னோட்டத்தைச் சுருள் உடனே நிற்க விடாது. வழியில்லாதபோது கலெக்டரில் வோல்ட்டேஜ் பல பத்து வோல்ட்டுகளாக எகிறும். பிசி547 தாங்குவது 45 வோல்ட். ஒவ்வொரு தடவையும் சிறிது சிறிதாக அடிபட்டு ஒருநாள் நின்றுவிடுகிறது. 1என்4007 டயோடின் வளையம் உள்ள முனையைச் சுருளின் பாசிட்டிவ் முனையிலும் மறு முனையைக் கலெக்டரிலும் இணையுங்கள். இதையும் திருப்பிப் போட்டுவிடாதீர்கள்; டிரான்சிஸ்டர் திறக்கும் கணமே டயோடு மின்வழங்கலைக் குறுக்கிணைக்கும். பேஸில் 1 கிலோ ஓம் மின்தடை கட்டாயம். இல்லாவிட்டால் கட்டுப்படுத்தும் சிப்பின் காலும் சேர்ந்து போகும்.

மோட்டார் பக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். கிணற்று மோட்டார் தொடங்கும்போது வழக்கமான மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும். ரிலேயின்மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் அதன் முனைகள் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடக்கூடும். சிறிய ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய மின்னோட்டம் தாங்கும் ரிலேயை) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அந்த 230 வோல்ட் இணைப்பைத் தகுதியுள்ள மின்பணியாளரிடம் கொடுங்கள்.

கேள்வி: 18650 லித்தியம் பேட்டரியில் எத்தனை ஆம்பியர் இருக்கிறது என்று மல்டிமீட்டரை நேராக வைத்து அளந்தேன். பொறி பறந்தது. இப்போது மீட்டர் மின்னோட்டம் காட்டுவதில்லை.
— வாசகர், ஓசூர்

பதில்: மில்லிஆம்பியர் துளையின் ஃபியூஸ் போயிருக்கிறது, மீட்டரைத் திறந்து அதே அளவு ஃபியூஸைப் போட்டால் சரியாகிவிடும். கம்பித் துண்டு வைத்துச் சரிக்கட்டாதீர்கள். ஆம்பியர் நிலையில் மீட்டர் வெறும் கம்பிக்குச் சமம். அதைச் சுமையோடு தொடராகத்தான் வைக்க வேண்டும், பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒருபோதும் வைக்கக்கூடாது. விலை குறைந்த மீட்டர்கள் பலவற்றில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. அந்தத் துளையில் செய்திருந்தால் லித்தியம் பேட்டரியின் முழு மின்னோட்டமும் பாய்ந்து தீ விபத்தில் முடிந்திருக்கலாம். அளந்து முடித்ததும் சிவப்புக் கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றிவைக்கும் பழக்கம் இருந்தால் அடுத்தமுறை வோல்ட்டேஜ் அளக்கும்போது இதே விபத்து நேராது.

கேள்வி: எல்எம்358 ஐசியைத் தலைகீழாகச் செருகியபோது உடனே செத்துவிட்டது. ஆனால் நண்பர் ஊனோவின் சிப்பைத் தலைகீழாகச் செருகியும் அது பிழைத்துவிட்டது. இது எப்படி? ஊனோவின் சிப்பை மட்டும் மாற்ற முடியுமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கால்களின் எண்களைத் தாளில் வரைந்து, தாளைப் பாதிச் சுற்று திருப்பிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும். எல்எம்358இல் தரை 4ஆம் கால், மின்வழங்கல் 8ஆம் கால். எட்டுக்கால் சிப்பைத் திருப்பினால் 4 இருந்த இடத்துக்கு 8 வரும், 8 இருந்த இடத்துக்கு 4 வரும். முழுமையான தலைகீழ் மின்வழங்கல். தரை 7இலும் மின்வழங்கல் 14இலும் உள்ள பதினான்கு கால் லாஜிக் சிப்புகளுக்கும் இதே கதிதான்.

ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்புக்கு 28 கால்கள். தரை 8, 22 என இரண்டு இடங்களில் இருக்கிறது. திருப்பினால் 8ஆம் கால் 22இன் இடத்திலும், 22ஆம் கால் 8இன் இடத்திலும் அமரும். இரண்டுமே தரை என்பதால் தரை தரையாகவே நிற்கிறது. 5 வோல்ட் வரும் 7ஆம் இடத்தில் அனலாக் அளவீட்டுக்கு ஆதார வோல்ட்டேஜைப் பெறும் ஏரெஃப் காலான 21 அமர்கிறது. இன்னொரு 5 வோல்ட் இடமான 20இல் டிஜிட்டல் 4 எனப்படும் 6ஆம் கால் அமர்கிறது. முறையற்ற பாதை வழியாகச் சிறிது மின்னோட்டம் பாயுமே தவிர, தலைகீழ் மின்வழங்கல் நேராததால் சிப் உயிர் தப்ப நல்ல வாய்ப்பு உண்டு.

ஊனோ ஆர்3 போர்டில் நீளமான சிப் சாக்கெட்டில் அமர்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம்; சதுரச் சிப்பை நேராகப் பலகையில் ஒட்டியிருந்தால் எளிதன்று. வாங்கும்போது பூட்லோடர் (யூஎஸ்பி வழியாக நிரல் ஏற்ற உதவும் சிறு நிரல்) ஏற்றிய சிப்பாகக் கேளுங்கள். ஏற்றாததாக இருந்தால் இன்னொரு ஊனோவைக் கொண்டு நீங்களே ஏற்றிக்கொள்ளலாம். பழைய சிப்பைத் தட்டையான திருப்புளியால் ஒரு முனையில் சிறிது, மறு முனையில் சிறிது என்று மாறிமாறி நெம்பி எடுங்கள். புதிய சிப்பின் கால்கள் சற்று விரிந்தே வரும். மேசைமேல் பக்கவாட்டில் வைத்து மெதுவாக அழுத்தி நேராக்கி, தலையிலுள்ள பள்ளம் சாக்கெட்டின் பள்ளத்தோடு பொருந்தும்படி வைத்து, 28 கால்களும் குழிகளின்மேல் நிற்பதைப் பார்த்தபின் அழுத்துங்கள். ஒரு கால் சிப்பின் அடியில் மடங்கிக்கொண்டால் மேலிருந்து தெரியாது. ஆகவே அழுத்தியபிறகு பக்கவாட்டில் வெளிச்சம் காட்டி இரு வரிசைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு யூஎஸ்பியைச் செருகுங்கள்.